பத்துக்கு நாலு

அவர் ஓட்டிய கம்பெனி பஸ்ஸில் ஏழு வருடம் போயிருக்கிறேன். அவருடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரே ஒரு முறை, பகாங் காட்டுக்குள் வைத்து, அதைக் கேட்டேன். கேட்டு, பத்துக்கு நாலு மார்க் போட்டேன். அந்த மார்க் இன்னும் என் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஆளைச் சொல்ல வேண்டும்.

மேருவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே காலை ஐந்தே காலுக்கு பஸ் வந்து நிற்கும். கிள்ளானில் இன்னும் மூன்று இடங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, ஏழு மணி ஷிப்டுக்குள் சுங்கை வே போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளை உருப்பெருக்கி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை இன்னொரு பெட்டியிலும் போடுவது எங்கள் வேலை. கண்ணுக்குத்தான் வேலை, காதுக்கு வேலையே கிடையாது. காதுக்கு வேலை கொடுத்தவர் இந்த டிரைவர்.

குள்ளமான ஆள். நெற்றியில் விபூதி, கழுத்தில் ஆரஞ்சு நிறத் துண்டு. எந்தக் கடைக்குப் போனாலும் சுடச்சுடப் பால் இல்லாத தேநீர்தான் குடிப்பார். ஐஸ் போட்டுக் கொண்டுவந்தால் தொடமாட்டார். "எனக்கு குரல் போச்சுன்னா எல்லார் குரலும் போயிடும்மா" என்பார். அது வெறும் பேச்சு இல்லை. தொழிற்சாலை வாசலில் நிற்கும் நேப்பாளி காவலாளி, காலை வானொலியில் போக்குவரத்து நெரிசல் சொல்லும் பெண், மீன்கார மொட்டை, பின்பக்கமாக வரும் லோரி எழுப்பும் பீப் சத்தம் என்று ஊரில் பாதி அவர் தொண்டைக்குள் குடியிருந்தது. அந்த பீப் சத்தத்தை ஒருமுறை சிக்னலில் நின்றபோது ஜன்னல் வழியாக எடுத்துவிட்டார். பின்னால் நின்ற கார்க்காரன் பதறிப்போய்த் தன் காரைப் பின்னால் எடுத்தான். அதற்குப் பத்து மார்க் விழுந்தது.

மார்க் போடும் பழக்கத்தை ஆரம்பித்தவள் லெட்சுமி, என் பக்கத்து இருக்கைக்காரி. வாய் சும்மா இருக்காது. அவர் ஒரு குரல் எடுத்து முடித்ததும் முன் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பார். நாங்கள் கூடிப் பேசி மார்க் சொல்வோம். ஐந்துக்குக் கீழே போனால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஐம்பது வயது மனிதர், ஒரு மார்க்குக்காக எங்களோடு சண்டை போடுவார்.

"காவலாளிக்கு எட்டா? அவன் மூக்கால பேசறத கவனிச்சியா நீ? நான் கவனிச்சேன் லா."

"சரி, ஒம்பது. பஸ்ஸ ரோட்ட பாத்து ஓட்டுங்கண்ணே" என்பாள் லெட்சுமி.

எங்கள் அடுக்குமாடியில் அவர் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் ஆள் முழுமையாக வரமாட்டார். காலையில் ஹாரன் அடிக்கிறார் என்று நாலாவது மாடியிலிருந்து புகார் போனது. மறுநாளிலிருந்து ஹாரனை விட்டுவிட்டுச் சேவலாகக் கூவினார். எதிரே கம்பம் என்கிற கிராமத்து வீடுகளில் இருந்த நிஜச் சேவல்கள் பதில் கூவ, ஐந்தே காலுக்கு எங்கள் வட்டாரமே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்: அடுக்குமாடியில் சேவல் வளர்க்கக் கூடாது. காவலாளி ஒருவர் மாடி மாடியாகச் சேவலைத் தேடினார். கூடவே இவரும் தேடினார். "எனக்கு என்னமோ நாலாவது மாடின்னு தோணுது பாஸ்" என்று யோசனை வேறு சொன்னார்.

லெட்சுமி தினமும் தாமதம். அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, அவள் அம்மாவின் குரலில் "அடியே, மணி என்னா?" என்று கேட்பார். அவள் அடித்துப் பிடித்து இறங்கி ஓடி வருவாள். அவளுடைய அம்மா உள்ளே இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் உண்டு, அது எங்கள் மேடத்தின் குரல். மேடம் என்றால் எங்கள் வரிசைக்குத் தலைவி. கெட்ட பலகை ஒன்று நல்ல பெட்டிக்குள் போய்விட்டால், எங்கே இருந்தாலும் அவருக்கு வாசனை வந்துவிடும். சத்தம் போடமாட்டார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இறக்குவார். "சாந்தி. பெட்டிய எடுத்துட்டு. இங்க வா." இதை பஸ்ஸில் டிரைவர் முதல் தடவை சொன்னபோது நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டேன். யாரும் சிரிக்கவில்லை, மார்க்கும் போடவில்லை. பயம்தான், வேறென்ன.

அந்தக் குரலுக்கு அவரே ஒரு சட்டம் வைத்திருந்தார். வேலைக்குப் போகும்போது மட்டும்தான் எடுப்பார். திரும்பும்போதும் லீவு நாளிலும் எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டார். "வேலை முடிஞ்சு போற பிள்ளைங்க காதுல அந்தக் குரல் விழக் கூடாதும்மா, பாவம்" என்பார்.

இந்த வித்தை எங்கே கற்றது என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வீட்ல ஆறு அக்கா. கடைசியா நான் ஒரே பையன். சோறு போடுங்கன்னு நான் கத்துனா ஒருத்தர் காதுலயும் விழாது. ஒரு நாள் பெரியக்கா குரல்ல கேட்டேன். தட்டு வந்துடுச்சு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த பதிலில் சிரிக்க அவ்வளவு இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவருக்குப் பிடிபடாத குரல் ஒன்று இருந்தது. குவாங் என்று ஒரு காட்டுப் பறவை. மயில் இனம், வால் மட்டுமே ஓர் ஆள் உயரம் இருக்கும். கண்ணில் படாது, காதில்தான் விழும். கைபேசியில் அதன் கூவலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். காதை மூடிக்கொண்டார். "போன்ல வர்றது காப்பி. காப்பிய பாத்து காப்பியடிச்சா அந்த மாணவன் பெயில்மா. நேர்ல கேக்கணும்."

தொடர்ந்தாற்போல் நாலு நாள் விடுமுறை வந்தது. லெட்சுமிக்குக் கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரி பறிக்க ஆசை. இவர் இரண்டு வாரம் பஸ்ஸில் யானை பிளிறலும் குரங்குச் சண்டையும் மான் குரலும் எடுத்து எங்கள் மனதைக் கரைத்தார். கடைசியில் எட்டுப் பெண்கள் தாமான் நெகாரா என்கிற பகாங் காட்டுப் பூங்காவுக்குக் கிளம்பினோம். வாடகை வேனுக்கு அவர்தான் டிரைவர். பின்னால் கால் வைக்க இடமில்லாமல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், கறிபாப், முறுக்கு டின், காட்டு அட்டைக்குப் போட உப்பு.

குவாலா தாஹானில் ஆற்றைப் படகில் கடந்துதான் காட்டுக்குள் போக வேண்டும். பாதி ஆற்றில் அவர் இன்னொரு படகின் மோட்டாராக மாறினார். படகுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, யாரும் வராததால், தன் மோட்டாரைக் குனிந்து தட்டினார். "எட்டு" என்றாள் லெட்சுமி. தண்ணீரில் மோட்டார் கொஞ்சம் கரகரக்க வேண்டுமாம்.

முதல் நாள் நாங்கள் பார்த்த விலங்குகள்: தங்கும் குடிலுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியைக் கிளறிய காட்டுப்பன்றி, எங்கள் கறிபாப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்கு, எங்களைக் கண்டதும் மரக்கட்டை மாதிரி நடித்த உடும்பு. தலைக்கு மேலே ஓர் இருவாட்சி பறந்துபோனது. சிறகடிக்கும்போது லோரி டயரில் காற்று இறங்குகிற சத்தம். அவர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். அதைத் தொண்டைக்குள் பத்திரப்படுத்துகிறார் என்று எங்களுக்குப் புரிந்தது.

இரண்டாம் நாள் காலை தெரேசேக் குன்றுக்குப் போகும் பலகைப் படிகளில் ஏறினோம். ஏறினோம் என்று சொல்வது மரியாதைக்கு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பலகை பார்க்கிற எட்டுப் பேர், முப்பது படிக்கு ஒரு தடவை இயற்கையை ரசிப்பதாகச் சொல்லி நின்றோம். பாதி வழியில் தூரத்துச் சரிவிலிருந்து அது கேட்டது. இரண்டு அசை, பெரிய சத்தம், யாரோ காட்டின் மறு கோடியில் நின்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

அவர் முகம் மாறியது. "அதான். அதான் குவாங்."

"நாங்களும் வரோம்ணே."

"வேணாம்மா. எட்டு பேரும் பேசினீங்கன்னா அது வாயத் திறக்காது. இங்கயே உக்காந்து சாப்பிடுங்க. கேட்டுட்டு வந்து உங்களுக்கு எடுத்துக் காட்டறேன். பத்து நிமிஷம்."

பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இறங்கிவிட்டார். ஆரஞ்சுத் துண்டு இரண்டு மரம் தாண்டியும் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

நாங்கள் படியில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். கொஞ்ச நேரத்தில் குவாங் மறுபடி கூவியது. அவர் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டோம். "எட்டு" என்றாள் லெட்சுமி. இன்னொன்று, கிட்டத்தில். "இது ஆறுதான். கடைசியில இழுக்கறாரு." பிற்பாடுதான் தெரிந்தது, இரண்டுமே நிஜப் பறவை. ஆறு மார்க் வாங்கிய அந்தப் பறவை எங்களை மன்னிக்கட்டும்.

திடீரென்று கூவல் பாதியில் நின்றது. அப்புறம் ஒரு குரல் வந்தது.

"யாராச்சும் வாங்களேன்."

மெலிந்த குரல், நடுவில் உடைந்தது. கிழவர் குரலும் இல்லை, பிள்ளைக் குரலும் இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மொட்டையா? இல்லை. காவலாளியா? இல்லை.

"யாரு குரல்னே தெரியலயே. தெரியாத குரலுக்கு எப்படி மார்க் போடறது?" என்றாள் லெட்சுமி.

நான்தான் கையைக் குவித்துக்கொண்டு கத்தினேன். "அண்ணே, நாலு மார்க். நல்லா இல்ல."

கீழேயிருந்து மறுபடி வந்தது. "சாந்திமா. கால் மாட்டிக்கிச்சும்மா."

"மூணு" என்று கத்தினாள் லெட்சுமி. எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். காடே கேட்கும்படி சிரித்தோம்.

பிறகு சத்தம் இல்லை. மார்க் குறைந்ததால் கோபித்துக்கொண்டார், பத்து நிமிடத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று முறுக்கு டின்னையும் திறந்தோம். பத்து நிமிடம் இருபதானது, இருபது முப்பதானது. என் மடியில் முறுக்குத் தூள். ஒரு சின்ன எறும்பு அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த எறும்பு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பெரிய காரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சரிவுக்குக் கீழேயிருந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"சாந்தி. பெட்டிய எடுத்துட்டு. இங்க வா."

எட்டுப் பேரும் எழுந்து நின்றோம். யோசித்து எழவில்லை, கால்கள் தாமாக எழுந்தன. நான் மடித்தூளைத் தட்டிவிட்டு முறுக்கு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு பலகைப் பாதையை விட்டே இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து லெட்சுமி சொன்னாள்.

"சாந்தி, மேடம் வரவே இல்லயே."

"தெரியும்."

"இன்னைக்கு லீவு."

லீவு. லீவு நாளில் அந்தக் குரலை அவர் எடுக்கவே மாட்டார். டின்னைப் போட்டுவிட்டு ஓடினேன். வேர் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். எனக்குப் பின்னால் மற்ற ஏழு பேரும் வந்தார்கள், குன்றில் முப்பது படிக்கு ஒரு தடவை நின்ற அதே ஏழு பேர்.

ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இடது கால் பாதம் வேர்ப் பொந்துக்குள் போய், போகக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. முகத்தில் விபூதி வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. கழுத்தில் இரண்டு அட்டை. எங்களைப் பார்த்ததும் முதலில் அவர் கேட்டது இதுதான்.

"மேடத்துக்கு எத்தன மார்க்?"

லெட்சுமி அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பறவைக்கு ரொம்பக் கிட்ட போயிட்டேன்மா. நான் கத்துனதும் பட்டுனு நிறுத்திடுச்சு." அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "அது நம்பிடுச்சு. நீங்கதான் மார்க் போட்டீங்க."

"அது யாரு குரல்னு தெரியலண்ணே. அதான்" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. அவர் கழுத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஏழு வருடம் அந்த மனிதர் எங்களுக்கு ஊரையே குரலாக எடுத்துத் தந்தார். அவரை நாங்கள் ஒருநாள் கூடக் கேட்டதில்லை.

காலை அசைக்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் கீழே ஓடிப்போய் ஆள் கூட்டிவந்தார்கள். பூங்கா ஊழியர்கள் தூக்குப் படுக்கை கொண்டுவந்து, ஆற்றைக் கடத்தி, ஜெராந்துட் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். படகில் அவர் மோட்டாராக மாறவில்லை. படகுக்காரர் அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

காலுக்குள் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு, பந்திங்கில் மூன்றாவது அக்கா வீட்டோடு போய்விட்டார். புது டிரைவர் நல்ல மனிதர், ஹாரன் அடிப்பார். நாலாவது மாடியிலிருந்து மறுபடி புகார் போயிருக்கிறது. கம்பத்துச் சேவல்கள் முன்போல எங்கள் பக்கம் பார்த்துக் கூவுவதில்லை. லெட்சுமி இப்போது தானாகவே நேரத்துக்கு இறங்கி வருகிறாள், அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

அவர் போன் எண்ணை மாற்றிவிட்டார், எங்களுக்குச் சொல்லவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அந்தக் குரலை ஞாபகத்தில் தேடிப் பார்ப்பேன். யாராச்சும் வாங்களேன். மெலிந்து, நடுவில் உடைவது. மறந்துவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை, துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஹலோ" என்றது ஒரு குரல். "நல்லா இருக்கியாம்மா?"

என் கையிலிருந்த துணிக்கிளிப் கீழே விழுந்தது. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"அண்ணே. பத்துக்குப் பத்து."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கும்மா மார்க்? இது எங்க அண்ணன் குரல். சும்மா எடுத்துப் பாத்தேன்."

ஆறு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே பையனுக்கு அண்ணன் எங்கிருந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரிண்ணே" என்றேன். "உங்க அண்ணன அடிக்கடி போன் பண்ணச் சொல்லுங்க."